ஆணி அடிக்காத வீடு

அத்தியாயம் 5

"ஏட்டய்யா, குரங்குகிட்ட வம்பு வேணாம். பன்னு போனது போனதுதான்."

"பன்னு போனா போவுது மேடம். உள்ள இருந்த பட்டரு. அதுக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்குது."

மாடியின் சன்ஷேடில் உட்கார்ந்திருந்த குரங்கு, ராஜாங்கத்தின் காலைச் சாப்பாட்டை இரண்டாகப் பிய்த்து, நடுவில் இருந்ததை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தைக் கீழே போட்டது. கோட்டை பார்க்க வருகிற கூட்டம் ஊட்டி ஊட்டிக் கெடுத்து வைத்த குரங்கு. செஞ்சியில் அதுகள் இப்போது வெறும் பன்னைத் தொடுவதில்லை.

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கார் பானெட்டின் மேல் ஃபைலை விரித்தாள். கை சுட்டது. எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இந்தக் கேஸுக்காகத் திண்டிவனத்திலிருந்து வந்து வந்து போனதில் பெட்ரோல் தீர்ந்ததே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்குச் சந்தேகம் வருகிற கிளைம்களை விசாரிக்க வெளியாட்களை அமர்த்துவதுண்டு. அமலா அப்படி ஒரு வெளியாள். அவளுக்கு உதவியாள் ராஜாங்கம், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அமலா வயதில் மகள் இருக்கிறாள். ஆனாலும் சர்வீஸ் முழுக்க சல்யூட் அடித்துப் பழகிய மனிதர், "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

ஃபைலில் இருந்தது சாதாரண விஷயம். பச்சமுத்து, மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேர். செஞ்சியில் மாடி வைத்த சொந்த வீடு. மேலும் கீழும் அவர் குடும்பமே குடியிருக்கிறது. கட்டடத்துக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்கும் சேர்த்து ஒரே பாலிசி. போன மாதம் கீழ்வீட்டில் கரண்ட் கோளாறில் தீப்பிடித்து, ஹாலில் இருந்ததெல்லாம் கரியாகிவிட்டது. தீயும் நிஜம், தீயணைப்பு வண்டி வந்ததும் நிஜம்.

இடித்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் கம்பெனி மேலாளர் போனில் அதைத்தான் மறுபடியும் சொன்னார்.

"எரிஞ்ச சாமான்ல தையல் மெஷின், ஆரி ஸ்டாண்டு, ஜாக்கெட் துணின்னு போட்டிருக்காரு மேடம். மல்லாட்டை வியாபாரிக்கு ஆரி ஸ்டாண்டு எதுக்கு? கேட்டா, கீழ இருக்கறது அண்ணன் பொண்ணு, அவ தைக்கறாங்கிறாரு. அவ அண்ணன் பொண்ணுன்னா கொடுத்துடலாம். வாடகைக்கு இருக்கறவன்னா அந்தச் சாமான் அவரோட பாலிசியிலயே வராது. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அந்த ஒன்றைச் சொல்லத்தான் முடியவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும், "அவங்க எல்லாம் ஒரே குடும்பம்ங்க" என்றார்கள். எதிர்வீடு, பக்கத்து வீடு, மூலையில் இஸ்திரி போடுகிறவர், எல்லாரும் அதே வார்த்தையில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. சொல்லிவிட்டு, "ஓனர் நல்ல மனுஷன்" என்று ஒன்றையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள்.

"மேல பாத்தீங்களா மேடம்," என்றார் ராஜாங்கம். குரங்கை விட்டு அதன் பக்கத்து ஜன்னலுக்கு வந்திருந்தார். "ஏசி குழாயை ஜன்னல் வழியா வெளிய விட்டிருக்கான். கண்ணாடியக் கழட்டிட்டு பலகை வச்சி அடைச்சிருக்கான் பாருங்க. கப்பல் மாதிரி ஏசி வாங்கறவனுக்கு செவுத்துல ஒரு ஓட்டை போட வக்கில்ல."

"அவர் கஞ்சத்தனத்தை விசாரிக்க நாம வரல. வாங்க."

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டைப்பை. வெற்றிலை போட்ட வாய். அமலா போன தடவை வந்தபோதும் இதே இடத்தில் இதே அம்மாள் இருந்தது நினைவுக்கு வந்தது.

"நீங்க இந்த வீட்டுக்காரங்களாம்மா?"

"இல்ல. நான் வல்லத்துக்காரி, குஞ்சம்மா. எம் பொண்ணு முகூர்த்த ஜாக்கெட்டு இந்த வூட்லதான் எரிஞ்சிது. கல்யாணம் கிட்ட வந்துடுச்சி. பதில் சொல்ற வரைக்கும் இங்கதான் உக்காருவேன்."

"யார்கிட்ட பதில் கேக்கறீங்க?"

"யாரு சொன்னாலும் சரி. நீயே சொல்றியா?"

அமலா கேட்டைத் திறந்தாள்.

*

கீழ்வீட்டு ஹாலில் புகை வாசம் இன்னும் போகவில்லை. நான்கு சுவரும் ஒரே கறுப்பு. தையல் மெஷினின் இரும்பு மட்டும் ஒரு மூலையில் கூனிக்கொண்டு நின்றது. கல்யாண ஜாக்கெட்டில் மணியும் ஜரிகையும் கோத்துப் பூவேலை செய்ய, துணியை இழுத்துக் கட்டுகிற மரச்சட்டத்தைத்தான் ஆரி ஸ்டாண்டு என்பார்கள். அது இருந்த இடத்தில் நான்கு கரிக்கட்டைகள்.

அந்த 'அண்ணன் பொண்ணு' மகாலட்சுமி உள்அறையிலிருந்து வந்தாள். முப்பதைத் தாண்டியவள். கணவன் இளவழகன் லாரி ஓட்டுகிறவன். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். அவள் முகத்தில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

"எல்லாம்தான் சொல்லிட்டனே மேடம். அவரு எங்க சித்தப்பா. நாங்க ஒரே குடும்பம்."

"சரிம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"கேன் தண்ணி தரேன். பைப்புல வராது. மேல மோட்டாரு போட்டாத்தான் வரும்."

"போடச் சொல்லேன்."

"காலையில ஒரு தடவதான் போடுவாரு. அப்புறம் கேட்டா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "கரண்ட் பில்லு ஏறும் பாருங்க."

அமலா சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். ஏதோ ஒன்று குறைந்தது. எரிந்த வீட்டில் எல்லாமே குறைந்துதான் இருக்கும். ஆனால் இது அப்படிப்பட்ட குறை இல்லை. ஜன்னல் கம்பியில் ஒரு சணல் கயிறும், அதில் எரிந்துபோன தினசரிக் காலண்டரின் தகரப் பட்டையும் தொங்கின. கடிகாரம் சிலாப்பு விளிம்பில் சாய்ந்து உருகியிருந்தது. உள்அறைக் கதவு வழியாக ஃபிரிட்ஜ் தெரிந்தது. அதன் மேல் மாலை போட்ட ஒரு படம், சுவரில் சாய்த்து வைத்தபடி.

"யாரும்மா அது?"

"எங்க நைனா. போன ஆடியில தவறிட்டாரு."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பச்சமுத்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. செருப்பை வெளியே கழற்றினார். எரிந்துபோன கதவு நிலையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மகா, உள்ள வரலாமாம்மா?"

"வாங்க சித்தப்பா," என்றாள் அவள்.

ராஜாங்கம் திரும்பி அமலாவைப் பார்த்தார். கதவே இல்லாத வீட்டில், தன் சொந்த வீட்டில், ஒருவர் தட்டிவிட்டு உத்தரவு கேட்கிறார்.

"நல்ல பழக்கம் சார்," என்றார் ராஜாங்கம். "எங்க வூட்ல நான் தட்டினா, யாரு கடன்காரனான்னு கேப்பா என் சம்சாரம்."

பச்சமுத்து சிரிக்க முயன்றார். "பொம்பளப் புள்ள தனியா இருக்கற எடம். ஒரு மரியாதைதான். மேடம், இன்னிக்காச்சும் முடிச்சிக் குடுங்க. வெள்ளையடிக்க ஆளு கேட்டு வச்சிருக்கேன். சீக்கிரம் பழையபடி ஆக்கிடணும்."

"ஆக்கிடலாம். நீங்க மேல போங்க, வந்து பேசறேன்."

அவர் போனதும் அமலா மகாலட்சுமியைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். ராஜாங்கம் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"மகாலட்சுமி, உங்க ஹால்ல செவுரு முழுக்க ஒரே மாதிரி கறுத்திருக்குது. ஏன் தெரியுமா?"

"தீப்பிடிச்சா கறுக்காதா மேடம்?"

"கறுக்கும். ஆனா செவுத்துல ஒரு படம் மாட்டியிருந்தா, அந்தப் படம் எரிஞ்சாலும் அதுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு சதுரம் நிக்கும். உங்க வீட்ல அப்படி ஒரு எடம்கூட இல்ல. ஆணியே இல்ல. காலண்டரு ஜன்னல்ல, கடிகாரம் சிலாப்புல, செத்துப்போன நைனா ஃபிரிட்ஜ் மேல. சொந்த வீட்ல இருக்கறவங்க பெத்த தகப்பன் படத்தை ஃபிரிட்ஜ் மேல வைப்பாங்களா?"

அவள் உள்அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தெருவே அவரை ஓனர்னு சொல்லுது. சித்தப்பாவை யாரும்மா ஓனர்னு சொல்வாங்க? வாடகைக்கு ஆள் இருந்தாத்தானே ஒருத்தர் ஓனர்."

மகாலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. களைப்பில் துடைத்தாள்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னுதான் குடி வரும்போதே சொன்னாரு. என் சொந்த வூடு, பாத்து வச்சிக்கணும்னாரு. நானும் பாத்துக்கிட்டேன். எரிஞ்ச துணி எதுவும் எங்களுது இல்ல மேடம். எல்லாம் கல்யாண வூட்டுத் துணி. தெனம் ஒருத்தங்க வந்து நிக்கறாங்க. வாசல்ல பாத்தீங்களே, அந்தம்மா திட்டறதுகூட இல்ல, உக்காந்துக்கினே இருக்குது. அதுதான் தாங்க முடியல. அண்ணன் பொண்ணுன்னு சொல்லு, பணம் வந்ததும் எல்லாருக்கும் குடுத்துடலாம்னு அவரு சொன்னாரு. சொன்னேன்."

"உங்க பேர்ல தனியா எதுவும் பாலிசி இல்லையா?"

அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள்.

அமலாவுக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல். இத்தனை நாள் அலைந்து உண்மையைப் பிடித்தாயிற்று. அந்த உண்மையால் இந்தப் பெண்ணுக்கு ஒரு முழத் துணி கிடைக்கப் போவதில்லை. பொய்யாவது ஏதாவது கொடுத்திருக்கும்.

"வாங்க ஏட்டய்யா. மேல போய்ச் சொல்லிட்டுக் கெளம்பலாம்."

"சந்தோஷமா சொல்லுங்க மேடம். கேஸு முடிஞ்சிது."

"முடிஞ்சிது," என்றாள் அமலா, சந்தோஷமில்லாமல்.

*

மாடி ஹால் குளுகுளுவென்று இருந்தது. பெரிய சோபா, பெரிய டிவி, கண்ணாடி போட்ட டீப்பாய். பச்சமுத்து குளிர்பானம் ஊற்றி வைத்திருந்தார்.

அமலா உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை நின்றபடியே சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றிருந்தாள். "பச்சமுத்து சார், மகாலட்சுமி உங்க அண்ணன் பொண்ணு இல்ல. வாடகைக்கு இருக்கறவங்க. அவங்க சாமானுக்கு உங்க பாலிசியில பணம் வராது."

அவர் முகம் சுருங்கி, உடனே சரியானது. "சரி மேடம். தப்புதான். அந்தப் பொண்ணு கஷ்டப்படுதேன்னு சொன்னேன். சாமானை விட்டுடுங்க. கட்டடத்துக்காவது குடுத்துடுங்க. அது என்னோடதுதானே."

நியாயமாகத்தான் பேசினார். சாமான் போனாலும் கட்டடம் நிற்கும். சொந்தக்காரர், சொந்த வீடு, கட்டின பாலிசி. அமலா ஃபைலை மூடினாள்.

ஏசிக் காற்றில் ஏதோ படபடத்தது. திரும்பிப் பார்த்தாள். காலண்டர். ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றில் தொங்கியது.

அமலா அப்படியே நின்றாள். பிறகு கண்ணை மெதுவாகச் சுற்றவிட்டாள். டிவி சுவரில் இல்லை, மேஜையில். கடிகாரம் டிவிக்குப் பக்கத்தில். முருகன் படம் ஒரு ஸ்டூலின் மேல், சுவரில் சாய்ந்தபடி. ஏசி பெட்டியே ஜன்னலின் மேல் கம்பியில்தான் கட்டப்பட்டிருந்தது. அதன் குழாய் பலகை அடைத்த ஜன்னல் வழியாக வெளியே போனது. வெள்ளைவெளேரென்று நான்கு சுவர். ஒரு ஓட்டை கிடையாது.

"ஏட்டய்யா, கார்ல சுத்தியல் இருக்குதா?"

"ஜாக்கி இருக்குது, ஸ்பேனர் இருக்குது. சுத்தியல் இல்ல. எதுக்கு மேடம்?"

"பக்கத்துல எங்கயாவது வாங்கிட்டு வாங்க. ஒரு நல்ல ஆணியும்."

ராஜாங்கம் ஒரு கணம் அவளைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் இறங்கினார். திரும்பி வந்தபோது கையில் இஸ்திரிக்காரரிடம் இரவல் வாங்கிய சுத்தியலும் நீளமான ஆணியும் இருந்தன. பின்னாலேயே மகாலட்சுமியும் ஏறி வந்து படிக்கட்டின் மேல்படியில் நின்றாள்.

"எங்க அடிக்கணும் மேடம்?"

"நடு செவுத்துல. சாரு முருகரை ஸ்டூல்ல உக்கார வச்சிருக்காரு. பாவம், எத்தனை நாளைக்கு உக்காருவாரு. மாட்டிக் குடுத்துட்டுப் போவோம்."

"அதெல்லாம் எதுக்குங்க," என்றார் பச்சமுத்து. "அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்கு எந்தச் செலவும் இல்ல சார். அடிங்க ஏட்டய்யா."

ராஜாங்கம் ஆணியைச் சுவரில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். பச்சமுத்து பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குளிர்பான டம்ளர் உருண்டு தரையெல்லாம் ஓடியது.

"வேணாங்க. அடிக்காதீங்க. ஓட்டை இருந்தா ரத்தினம்மா அக்கா போக்கியப் பணத்துல புடிச்சிக்கும்."

ராஜாங்கம் சுத்தியலை இறக்கினார்.

"எந்த அக்கா?" என்றாள் அமலா.

பச்சமுத்து சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவருக்கே புரிந்த மாதிரி இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வீடு ரத்தினம்மாளுடையது. அவள் பாண்டிச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறாள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்கிற போக்கியம். வீடு முழுவதையும் அப்படி எடுத்தவர், ரத்தினம்மாளிடம் சொல்லாமல் கீழ்வீட்டை மகாலட்சுமிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"அப்புறம் ஏன் சார் சொந்த வீடுன்னு பாலிசி எடுத்தீங்க?"

"எடுக்கணும்னு எடுக்கல மேடம். ஏஜென்ட்டு இதே ஹால்ல உக்காந்து, சொந்த வூடாங்களான்னு கேட்டான். மண்டியில இருந்து ரெண்டு பேரு வந்திருந்தாங்க. தெருவுல எல்லாரும் என்னை ஓனர்னுதான் கூப்புடறாங்க. அவங்க எதுருல இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆமான்னுட்டேன். அவனும் எழுதிட்டான்."

"வாடகைக்கு இருக்கறேன்னு சொல்லியிருந்தா, செவுருக்குப் போடாம உங்க டிவி, சோபா, ஏசிக்கு மட்டும் போட்டிருப்பான். செலவும் கொறைஞ்சிருக்கும். உங்களுது அல்லாத செவுருக்கு நீங்க எத்தனை வருஷம் கட்டினாலும் உங்களுக்கு ஒரு காசு வராது. இப்ப பொய் சொன்னதால சாமானுக்குப் போட்டதும் நிக்காது."

"அக்காவுக்குத் தெரியறதுக்குள்ள வூட்டைச் சரி பண்ணிடலாம்னு பாத்தேன்," என்றார் அவர். வேட்டி நுனியால் தரையில் கொட்டியதைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராஜாங்கம் அவரிடமே நம்பரை வாங்கிப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ரத்தினம்மாளின் குரல் கணீரென்று வந்தது.

"தீயா? எந்த வூட்ல தீ? கீழ யாரு குடியிருக்கா? நான் யாரையும் வைக்கலயே."

அமலா எல்லாவற்றையும் விளக்கினாள். ரத்தினம்மாள் குறுக்கிட்டாள்.

"வூடு கட்டறப்ப பேங்க்ல லோனு போட்டேன். அப்பவே வூட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டாத்தான் பணம் தருவோம்னு போட்டாங்க. வருஷா வருஷம் கட்டிக்கினுதான் இருக்கேன். அது இருக்குதா, இல்லையா?"

"இருக்குதும்மா. உங்க பாலிசியில கேளுங்க. வாடகைக்கு விட்டிருக்கறதை மறைக்காம சொல்லிடுங்க."

"நான் எங்க மறைச்சேன்? எனக்கே இப்பதான தெரியுது. அந்தப் பச்சமுத்து பக்கத்துல இருக்கானா? காலையில மொத பஸ்ஸுக்கு வரேன்னு சொல்லு."

போன் நின்றது. ஒரே சுவருக்கு இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அமலா நினைத்துக்கொண்டாள். எரிந்துபோன ஜாக்கெட்டுகளுக்கு ஒருவரும் கட்டவில்லை.

அதுவரை படியில் நின்ற மகாலட்சுமி உள்ளே வந்தாள். பச்சமுத்துவுக்கு எதிரில் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மகளிர் குழுவுல ஒரு அக்கா இன்சூரன்ஸ் பேப்பரு கொண்டாந்துச்சே, ஞாபகம் இருக்குதா? வாடகை வூட்ல இருக்கறவங்க சாமானுக்குன்னு. நான் கையெழுத்துப் போட பேனாவே எடுத்துட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னு மேல ஏறி வந்தேன். வூட்டுக்கு நான் போட்டிருக்கேன், உனக்கு எதுக்குத் தெண்டம்னீங்க. எறங்கிப் போயி பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

பச்சமுத்து துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சி சொன்னீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா தெரியாதும்மா," என்றார் அவர். "ஒண்ணு போட்டா வூட்ல இருக்கற எல்லாருக்கும் சேந்துதான்னு நெனச்சேன்."

அது பொய்யில்லை என்று அமலாவுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

*

காருக்குப் பக்கத்தில் நின்று மேலாளருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"பிரமாதம் மேடம். சாமானும் இல்ல, கட்டடமும் இல்ல, மொத்தமா நிராகரிச்சிடலாம். ஆணியை வச்சே கண்டுபிடிச்சிட்டீங்களே."

"ஆமா சார்."

"சந்தோஷமா இல்லையா?"

"வெயில்ல நிக்கறேன் சார். வச்சிடறேன்."

வேப்பமரத்தடியில் நாற்காலி காலியாக இருந்தது. அமலா திரும்பினாள். குஞ்சம்மாள் எரிந்த ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மாடியில் பேசினதெல்லாம் திறந்த கதவு வழியாகத் தெரு வரை கேட்டிருக்க வேண்டும். மகாலட்சுமி அவள் எதிரில் தலைகுனிந்து நின்றாள்.

"பணம் வராதுக்கா. யாருகிட்ட இருந்தும் வராது. உன் துணிக்கு நான் எப்படியாச்சும் கொஞ்சம் கொஞ்சமா..."

"அதை யாருடி கேட்டா?" என்றாள் குஞ்சம்மாள். "வந்த அன்னிலிருந்து பதில் சொல்லு, பதில் சொல்லுங்கறேன். ஒருத்தரும் இன்னா கேள்வின்னு கேக்க மாட்டேங்கறீங்க. துணி போச்சு, நெருப்பு கேட்டுக்கினா வந்துச்சு? எம் பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு ஜாக்கெட்டு வேணும். நீ தைப்பியா, மாட்டியா? அதான் கேள்வி."

மகாலட்சுமி நிமிர்ந்தாள். "எதுல தைக்கறது? ஸ்டாண்டு இல்ல, மெஷினு இல்ல. ஊசிகூட இல்லக்கா."

"என் வூட்ல கயித்துக் கட்டில் இருக்குது. கயித்தைப் பிரிச்சிட்டா நாலு கட்டை. அதுல துணியை இழுத்துக் கட்டு. மெஷினு பக்கத்து வூட்ல இருக்குது. ஊசியும் மணியும் கடைத்தெருவுல வாங்கிக்கலாம். துணி வேற கலரு எடுத்து வச்சிருக்கேன்." கட்டைப்பையைத் திறந்து காட்டினாள். அரக்குச் சிவப்பில் மடித்த பட்டு. இத்தனை நாளும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "வரியா, வேற ஆளைப் பாக்கட்டா?"

மகாலட்சுமி உள்ளே போனாள். ஒரு பையில் இரண்டு புடவையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வல்லம் வழியாத்தான் போறோம்," என்றாள் அமலா. "ஏறுங்க."

கடைத்தெருவில் நிறுத்தி ஊசி, மணி, ஜரிகை வாங்கினார்கள். கார் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள் வந்த பிறகு மகாலட்சுமி பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"மேடம், இனிமே நான் போட்டா எதைப் போடணும்?"

"செவுருக்குப் போடாத. அது வீட்டுக்காரங்க கவலை. உன் ஃபிரிட்ஜு, உன் கட்டிலு, உன் பாத்திரம், அதுக்கு மட்டும் போடு. வாடகைக்கு இருக்கறேன்னு முதல் வார்த்தையிலேயே சொல்லிடு. தைக்க வாங்கி வச்ச அடுத்தவங்க துணி அதுல வராது. அது தொழில். அதுக்குத் தனியா இருக்குது, தனியா கேளு. யாராவது சேத்துதான் வரும்னு சொன்னா, எந்தப் பக்கத்துல எழுதியிருக்குதுன்னு காட்டச் சொல்லு."

மகாலட்சுமி மெதுவாகத் தலையாட்டினாள். வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அமலாவுக்கு மூச்சு கொஞ்சம் இலேசாக வந்தது. ஒருத்திக்காவது புரிந்துவிட்டது.

"ஏம்மா," என்றாள் குஞ்சம்மாள். "எங்களுது சொந்த வூடு. அப்ப நாங்க செவுருக்குப் போடலாம் இல்ல?"

"தாராளமா போடலாம். செவுரு, சாமான் ரெண்டுக்கும் போடலாம். வீடு யார் பேர்ல இருக்குது?"

"எங்க மாமியாரு பேர்ல."

"அவங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவங்க செத்து எம் பொண்ணு வயசு ஆவுது. அவங்களுக்கு அஞ்சு புள்ளைங்க. ஒருத்தரும் பேரு மாத்தல. வூட்டுல நாங்க இருக்கோம், பின்னாடி கொட்டாயில கொழுந்தனாரு இருக்காரு, நாத்தனாரு பங்கை வாடகைக்கு விட்டிருக்குது. இப்ப யாரு ஓனரு, யாரு வாடகை?"

அமலா கண்ணை மூடி, நெற்றியை விரலால் அழுத்திக்கொண்டாள்.

ராஜாங்கம் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். "வண்டிய ஓரங்கட்டவா மேடம்?"

"வேணாம் ஏட்டய்யா. மெதுவா ஓட்டுங்க," என்றாள் அமலா. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அஞ்சு பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னு சொல்லுங்கம்மா. மூத்தவரிலிருந்து ஆரம்பிங்க."